ஆமென் போட்டவர்களுக்குச் சாப்பாடு

எங்கள் சபைக்கு போனில் ஒரு க்ரூப் உண்டு. முன்பெல்லாம் அதில் நல்ல நல்ல சண்டைகள் நடக்கும். கிறிஸ்துமஸ் ஸ்டாரை எந்த மரத்தில் கட்டுவது, பாடகர் குழுப் பெண்களுக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது, மைக் செட்டை மழையில் நனைய விட்டது யார் என்று எதற்கெடுத்தாலும் சண்டை. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். அது எங்கள் ஊர் படாளத்துக்கே தெரிந்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் எங்களை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தார். நேரில் பார்க்கும்போது "சகோதரி" என்று கும்பிடுகிறீர்கள், வீட்டுக்குப் போய் போனில் அதே சகோதரியின் குடுமியைப் பிடிக்கிறீர்கள், இது என்ன கிறிஸ்தவம் என்று கேட்டார். இனிமேல் க்ரூப்பில் அன்பான வார்த்தை மட்டும்தான் என்றார். அவர் யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார். சபைதான் மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அன்றோடு க்ரூப் அடங்கிப்போனது. எதைச் சொன்னால் எது வம்பாகுமோ என்ற பயத்தில் ஜனங்கள் ஆமென், ஸ்தோத்திரம், கும்பிடும் கை, இவற்றைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. சபைக் கோயில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, யாராவது மோட்டாரை நிறுத்துங்கள் என்று ஒருவர் எழுதினால் வரிசையாக ஆமென். தன் மாட்டைக் காணவில்லை என்று ஒருவர் எழுதினார். அதற்கும் ஸ்தோத்திரம் மழையாகப் பொழிந்தது. தேடப் போனவர் யாருமில்லை. மாடு அதன்பாட்டுக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டது, அது வேறு.

என் பிழைப்பும் இந்த மாதிரி வேலைதான். மாமல்லபுரத்தில் கடலோரமாக இருக்கிற ஒரு ரிசார்ட்டில், வந்து தங்கிப் போகிறவர்கள் இணையத்தில் எழுதுகிற குறைகளுக்குப் பதில் எழுதுகிறேன். கடல் இரைச்சலில் தூங்கவே முடியவில்லை என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பார். கடற்கரையில் கடல் இரையாமல் உங்கள் மாமனாரா இரைவார் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனாலும் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று எழுதிவிட்டு அடுத்த குறைக்குப் போவேன். இதில் கால்வாசி மரியாதையை வீட்டிலும் காட்டக்கூடாதா என்பது என் கணவரின் நெடுநாளைய விண்ணப்பம்.

சொல்ல வந்தது என் தம்பி மனைவியின் கதை. அவளுக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். தம்பியும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் போய் வந்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவள் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களைப் போன்றவர்களின் வயலில்தான் எங்கள் முன்னோர் கூலிக்கு இறங்கி நட்டார்கள். இன்று எங்கள் தெருவில் நர்சு இருக்கிறாள், வாத்தியார் இருக்கிறார், கம்பெனி சூப்பர்வைசர் இருக்கிறார். ஆனாலும் எங்கள் வீட்டில் கை நனைப்பதென்றால் அவர்களுக்குப் பெரிய விஷயம்தான்.

அந்தப் பெண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நெற்றியில் பொட்டோடு கோயிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பாள், பிரசங்கம் தொடங்கினால் நைசாக எழுந்து போய்விடுவாள். பிறவியிலிருந்தே கிறிஸ்தவர்களாக இருக்கிற எங்களுக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

போன வருடம் தம்பி எங்கள் தெருக்கோடியிலேயே வீடு கட்டி முடித்தான். ஒரு சனிக்கிழமை புதுமனை புக பிரதிஷ்டை ஜெபம், மத்தியானம் சாப்பாடு என்று முடிவானது. அதற்கு அவளுடைய அப்பா அம்மா வருவதாகச் சொன்னார்கள். எத்தனை மாதம் போனில் கெஞ்சியிருப்பாளோ! "வரோம், வூட்ட பாத்துட்டு போறோம்" என்றுதான் அவள் அப்பா சொன்னாராம். சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அம்மாவுக்கோ மனதில் வேறொரு குறை.

"நாளைக்கு ஒன்னுன்னா அந்த ஜனம் உனக்கு வந்து நிக்குமான்னு கேக்குது எங்கம்மா," என்று அவள் என்னிடம் சொன்னாள். "வூடு நெறைய ஜனம் இருக்கணும் அண்ணி. எங்கம்மா அத பாக்கணும். அதான் எனக்கு."

எங்கள் பெற்றோர் இப்போது இல்லை. தம்பிக்கு மூத்தவள் நான்தான். வீடு வீடாகப் போய் அழைப்பதுதான் எங்கள் வழக்கம் என்று சொன்னேன். தம்பி கேட்கவில்லை. "இந்தக் காலத்துல யாரு அக்கா வூடு வூடா போயிகினு கீறாங்க? க்ரூப்ல போட்டா முடிஞ்சிது," என்றுவிட்டான். போதகரிடம் மட்டும் நேரில் போய்ச் சொன்னார்கள்.

க்ரூப்பில் எப்படி எழுத வேண்டும் என்று அந்தப் பெண் தம்பியைக் கேட்டிருக்கிறாள். முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், ஒரு வசனம் போட வேண்டும், பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று இவன் பாடம் எடுத்திருக்கிறான். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள் அவள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், போதகருக்கு வாழ்த்து, போதகரம்மாவுக்கு வாழ்த்து, மூப்பர்கள், பெண்கள் ஐக்கியம், பேரோடு அதன் செயலாளர், வாலிபர் சங்கம், ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் என்று ஒருவரையும் விடாமல் வாழ்த்தி, நீளமான ஒரு வசனத்தையும் தேடிப் போட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வீட்டுப் பிரதிஷ்டையைச் சொல்லியிருந்தாள். கடைசி வரி: சாப்பிட வருகிறவர்கள் மட்டும் பதில் போடுங்கள்.

போனில் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்க "மேலும் படிக்க" என்பதைத் தொட வேண்டும். ஸ்தோத்திரம் வரைக்கும் தெரிந்தால் எங்கள் சபையாருக்குப் போதாதா? யாரும் தொடவில்லை. ஆமென், ஆமென், ஸ்தோத்திரம், கும்பிடும் கை என்று பதில்கள் கொட்டின. அவள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணி, எல்லாரும் வராங்க! துபாய் அண்ணன்கூட வராராம்!"

எங்கள் தெருவிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போனவன் லீவில் வருகிறானாக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பதில் போட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து மதுராந்தகத்திலிருந்து சமையல்காரர் பேசினார்கள். சனிக்கிழமை அவள் அம்மா கவுச்சி தொடமாட்டார் என்பதால் சாம்பார், ரசம், வடை, பாயசம் என்று சைவச் சாப்பாடு.

அன்று காலை பந்தல் போட்டு, நாற்காலி பரப்பி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாழை இலை குறைகிறதென்று நான் ரோட்டுப் பக்கம் போனேன். பஸ் நிறுத்தத்தில் எங்கள் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் பையோடு நின்றாள். என் வயதுக்காரி, கூடப் படித்தவள்.

"இன்னாடி, இங்க நின்னுகினு கீற? ஜெபத்துக்கு நேரமாவுதில்ல?"

"இன்னா ஜெபம்? நான் செங்கல்பட்டுக்கு துணி எடுக்கப் போறேன்."

"நம்ம தம்பி வூட்டு பிரதிஷ்டைடி! நீதான் மொத ஆளா ஆமென் போட்டியே!"

"அதுவா? ஸ்தோத்திரம்னு ஆரம்பிச்சிருந்துது, ஆமென் போட்டேன். கீழ வேற எதாச்சும் இருந்துச்சா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் பழக்கதோஷத்தில் ஏறியும் விட்டாள்.  அங்கேயே நின்று இன்னொருத்திக்குப் போன் செய்தேன். அவளும் படிக்கவில்லை. வாலிபர் சங்கத்தார் காலையிலேயே வேன் பிடித்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் பந்து விளையாடப் போயிருக்கிறார்கள் என்று வேறு சொன்னாள்.

க்ரூப்பைத் திறந்தேன். வந்த கோபத்துக்கு என் கட்டைவிரல் தானாக ஓடியது. படிக்கத் தெரியாத ஜென்மங்களா, ஆமென் போடுகிற கையால் அந்த இரண்டு வரியைத் தொட்டிருந்தால் கை அழுகிப்போகுமா என்று தொடங்கி, ஊரிலுள்ள பழைய கணக்கெல்லாம் சேர்த்து எழுதி முடித்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது தம்பி மனைவியின் அம்மா நினைவு வந்தது. திட்டினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். மீதிப் பேர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வருவார்கள். உர்ரென்ற முகங்களையா அந்த அம்மாவுக்குக் காட்டுவது? அழித்துவிட்டேன். ரிசார்ட் பாணியில் தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அந்தத் தமிழுக்கு ஒரு காக்காய்கூட வராது.

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் பாடகர் குழுத் தலைவரை. முடிவு என்னவோ நல்ல முடிவுதான், குரல்தான் கட்டுப்படவில்லை.

"இன்னா அண்ணாத்த, ஒரு மெசேஜ முழுசா படிக்கமாட்டியா நீ?"

"காலங்காத்தால இன்னாத்துக்கு இப்ப கத்துற? எனக்கு வேல கீது," என்று வைத்துவிட்டார்.

போச்சு, ஒரு ஆள் குறைந்தது. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, தையல் கடை வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை, உள்ளதை மட்டும் சொன்னேன்.

"அக்கா, தம்பி பொண்டாட்டியோட அம்மா அப்பா மொத தடவையா நம்ம தெருவுக்கு வராங்க. வூடு காலியா கீது. வரியா?"

அந்தப் பக்கம் குவளை கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயையோ, நான் படிக்கவே இல்லியேம்மா," என்றார் அக்கா. "தலைக்கு ஊத்திகினு இருந்தேன். இதோ பொடவய சுத்திகினு வந்துடறேன். பக்கத்து வூட்டுக்காரிய இட்டுகினு வரேன், இரு."

பாடகர் குழுத் தலைவரை மறுபடி கூப்பிட்டேன். எடுத்தார். "அண்ணாத்த, நான் கத்தியிருக்கக்கூடாது. அந்தப் பொண்ணு கோயிலுக்கு வரதே உன் பாட்ட கேக்கத்தான்," என்றேன். அது முழு உண்மை. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆர்மோனியம் எடுத்துகினு வரட்டா?" என்றார்.

நான் இலையோடு வீட்டுக்குத் திரும்பியபோது அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டிருந்தார்கள். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். முன்வரிசையில் அவர்கள் இருவர் மட்டும். சம்பந்தியம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. சம்பந்தி பந்தலைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி பந்தலைப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்க முயன்ற என் கணவர், மழை பற்றிப் பேசி முடித்துவிட்டு வெயிலைப் பற்றித் தொடங்கியிருந்தார்.

சமையல் கட்டில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, யாருமே வரலியே? எல்லாரும் பதில் போட்டாங்களே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. யாரும் கடைசி வரை படிக்கவில்லை என்று சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா சொன்னது சரிதான் போல," என்றாள்.

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. கூப்பிட்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு கண்ணு என்றேன். வருவார்களா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆண்டவரே, இந்த ஒரு நாளைக்கு மட்டும் இவர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், பிறகு நான் ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நான் காப்பாற்றமாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் தையல் கடை அக்கா வந்தார். ஈரத்தலையில் துண்டு கட்டியபடி, பின்னால் ஒரு குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வந்தார். போதகரும் போதகரம்மாவும் வந்தார்கள். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஆர்மோனியத்தை நிறுத்திக்கொண்டு பாடகர் குழுத் தலைவர் வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப்போன செயலாளர், பாலாற்றுப் பாலத்துக்கு முன்பே இறங்கி எதிர் பஸ் பிடித்து வந்துவிட்டாள். "ஏறினப்புறம்தான் மெசேஜ முழுசா படிச்சேன்டி. அந்தப் பொண்ணு என்னியும் பேர் சொல்லி வாழ்த்தியிருக்குது," என்று மூக்கை உறிஞ்சினாள்.

நான் கூப்பிட்டவர்கள் குறைவு. அவர்கள் கூப்பிட்டவர்கள்தான் அதிகம். செய்தி தெருத் தெருவாகப் பரவி, ஜெபம் தொடங்கும்போது நாற்காலி நிரம்பிவிட்டது. பாட்டு நடுவில் மாமல்லபுரத்திலிருந்து வாலிபர் சங்க வேன் வந்து நின்றது. கால்சட்டையெல்லாம் மணலோடு திமுதிமுவென்று இறங்கி, கூச்சத்தோடு பின்னால் நின்றார்கள். முட்டுக்காடு படகுத் துறையில் வேலை பார்க்கிற ஒருவர், சீருடையைக்கூட மாற்றாமல் கழுத்தில் விசிலோடு பைக்கில் வந்து சேர்ந்தார்.

"அவுரு போலீசா?" என்று சம்பந்தியம்மா என்னைக் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்லீங்கம்மா, போட்டு வுடறவரு," என்றேன்.

பந்தி போட்டோம். பிரதிஷ்டைச் சாப்பாடு என்றால் பிரியாணி என்று பழகிய ஜனம். ஒரு பெரியவர் மட்டும் இலையைப் பார்த்து, "கறி இல்லியா?" என்று மெல்லக் கேட்டார். அவர் மனைவி தொடையில் கிள்ளியதில் அடுத்த நிமிடமே சாம்பாரைப் புகழ ஆரம்பித்தார். துபாய்க்காரன் வீடியோவில் வந்தான். போனை நேராக சம்பந்தியம்மாவிடம் கொண்டுபோகச் சொன்னான். "அத்தை, நானும் ஆமென் போட்டவன்தான். மன்னிச்சிக்கோங்க. எனக்கும் சேத்து நீங்க ஒரு வட சாப்டுங்க," என்றான். பந்தல் முழுக்கச் சிரித்தது. சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

இத்தனை பேர் வந்ததில் இன்னொரு வில்லங்கம். ஆமென் போட்டவர்களுக்குத்தான் சமைத்திருந்தது. அவர்கள் செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாக வீட்டோடு வந்திருந்தார்கள். இரண்டாம் பந்தி உட்காரும்போது சமையல்காரர் என் காதருகில் வந்து, "சோறு பத்தாதும்மா," என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் அது சம்பந்தியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

மடியிலிருந்த பையைப் புருஷனிடம் கொடுத்தார். எழுந்தார்.

"அரிசி எங்க கீது?" என்றார்.

"நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்..."

"ஜனம் எலைய போட்டுகினு உக்காந்து கீது. என்ன வேடிக்க பாக்க சொல்றியா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனவர் அடுப்பைக் கூட்டினார், அரிசியைக் களைந்து போட்டார், ரசத்துக்குப் புளி கரைத்துக் கூட்டினார். சமையல்காரரையே ஏவினார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கே வந்துவிட்டார். மணல் காலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, வேண்டாம் என்று கையை மறித்தாலும் விடாமல் ஊற்றினார். சம்பந்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே போய்ப் பந்தியில் படகுத் துறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். என் தம்பி அவருக்குச் சோறு போட்டான். 

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பரிமாறிய பெண்கள் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா, அவர் மகள், நான், செயலாளர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சோற்றில் குழி செய்து ரசம் ஊற்றிக்கொண்ட சம்பந்தியம்மா, "இத்தினி பேரு உனக்கு கீறாங்களா?" என்று மகளைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது.

"அம்மா, ஒன்னு சொல்லட்டா? இவங்க யாரும் என் மெசேஜ படிக்கவே இல்ல. படிக்காமலே ஆமென் போட்டுட்டாங்க. காத்தால அண்ணி போன் பண்ணி கூப்ட்டதும்தான் ஓடி வந்தாங்க."

நான் அவளை முறைத்தேன். செயலாளர் தன் இலைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உன் கல்யாணத்துக்கு நீ ஒரு மெசேஜ் அனுப்பினியே," என்றார். "அத நான் படிச்சேன். ஒரு எழுத்து வுடாம படிச்சேன். உங்கப்பாவுக்கும் படிச்சிக் காட்டினேன். படிச்சிட்டு ரெண்டு பேரும் வூட்டுலயே உக்காந்துகினு இருந்தோம்."

 பந்தலுக்கு வெளியே பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி தன் இலையிலிருந்த வடையை எடுத்து அம்மாவின் இலையில் வைத்தாள். சம்பந்தியம்மா அதைப் பிட்டு, பாதியை மகளின் வாயில் வைத்தார். மீதிப் பாதியை என் இலையில் வைத்து, "சாப்புடு," என்றார்.

 சாப்பிட்டேன்.